எம்மகளைக் காட்டுக்குக் கூட்டிப் போறியா மாப்ளே?

மாப்ளே, கூடாரம் வாங்கிட்டயாம்ல. ஆரஞ்சுக் கலராம், ரெண்டு பேரு படுக்கலாமாம், தூக்கி வீசுனா தானா விரிஞ்சிருமாம். உங்கம்மா போன்ல சொன்னா. சொல்லிட்டு, "மருமக வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. யாருகிட்ட வந்து சொல்லுறா பாரு. முறைக்கு உன் பொண்டாட்டி எனக்கு மக. மாமன் உன் பக்கம் பேசுவான்னு நெனச்சிருந்தா அந்த நெனப்பை இப்பவே விட்டுரு.

ஆனா ஒண்ணு, விவரம் தெரிஞ்சவன்கிட்டத்தான் வந்திருக்க. கூரைக்கடியில படுத்த ராத்திரியவிட வானத்துக்கடியில படுத்த ராத்திரிதான் எனக்கு அதிகம். ராமநாதபுரத்துச் சீமையிலருந்து கெடை ஆட்டை ஓட்டிக்கிட்டு, தஞ்சாவூரு பக்கம் அறுப்பு முடிஞ்ச வயலாப் பாத்து ஆடு அமத்துவோம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலு அடுத்த போகத்துக்கு எரு கேக்காது. அதுக்கு வயக்காரரு ராத்திரிக்கு இம்புட்டுன்னு காசோ நெல்லோ அளப்பாரு. நான் காசு வாங்கிக்கிட்டுத் தரையில படுத்தவன். நீ காசு குடுத்துப் படுக்கப் போற. படிச்சவன்ல, அதான்.

சரி, எம்மக ஏன் வரமாட்டேங்கிறா? உங்கிட்டக் கேட்டா, பயந்தாங்கொள்ளின்னுவ, ஏசி இல்லாம ஒறங்க மாட்டான்னுவ. ரெண்டும் தப்பு. விசயம் என்னன்னு உன் அத்தைக்குத் தெரியும், எனக்கும் அவ சொல்லித்தான் தெரியும்.

வலசையில பகலு முழுக்க ஆட்டுக்குப் பின்னால நடக்குறது என் வேலை. ராத்திரி நாய் கொரைச்சா கம்பை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வரணும், அதுவும் என் வேலை. ஊருக்கு வந்து இத வீரமாச் சொல்லிக்குவேன். உன் அத்தைக்கு என்ன வேலைன்னு கேளு. விடியுமுன்ன மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டணும். பனியில நனைஞ்ச வெறகு. ஊதி ஊதிக் கண்ணு செவந்துரும். வயக்காரரு மோட்டாரு போட்டாத்தான் தண்ணி, கரண்டு எப்ப வருதோ அப்பக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடணும். தாயோட நடக்க மாட்டாத குட்டிகளக் கூண்டுல அடைச்சு, தழை ஒடிச்சுக் கட்டி, எறும்பு ஏறாமப் பாத்துக்கணும். இந்த வயலு முடிஞ்சு அடுத்த வயலுன்னா சட்டி பானையெல்லாம் தலையில ஏறும். திடீர்னு மழை புடிச்சா, இருக்குற ஒத்தத் தார்ப்பாயக் குட்டிக் கூண்டு மேல போட்டுட்டு, அவ சேலைத் தலைப்ப மூடிக்கிட்டு விடிய விடிய நிப்பா. நட்சத்திரம் எம்புட்டு அழகா இருக்குன்னு ஒருநாளும் அவ எங்கிட்டச் சொன்னதில்ல. நிமிந்து பாக்க நேரம் இருந்தாத்தான?

வெளிய தங்குறதுல ருசி இருக்கு மாப்ளே, மறுக்கல. அந்த ருசி வேலை இல்லாதவன் நாக்குலதான் ஒட்டும். எம்மக வீட்டுல குழாயத் திருப்புனா தண்ணி, பொத்தான அமுக்குனா சட்னி. அம்புட்டையும் விட்டுட்டு, அதே சமையல, அதே பாத்திரம் கழுவுறத, குனிஞ்சு குத்தவச்சுக் குளிருல செய்யக் கூப்புடுற. கேட்டா ஓய்வுங்குற. போறதுக்கு முன்ன மூட்டை கட்டப் போறது யாரு? ஞாயித்துக்கெழம ராத்திரி வந்து எறங்குனதும் சேறு அப்புன துணிய ஊறப்போடப் போறது யாரு? ரெண்டுக்கும் 'நான்'னு பதிலு வச்சுக்கிட்டுப் போயி அவகிட்டப் பேசு. பேசுறதோட நிக்காம, பேக்கை நீயே ஒருக்கக் கட்டிக் காட்டு. மயங்கி விழுந்துருவா, தாங்கிப் புடிச்சுக்க.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். நீ சிரிப்ப, பரவால்ல. இடத்தைப் பாக்குறதுக்கு முன்ன கக்கூஸைப் பாரு.

போன் போட்டு எல்லாரும் என்ன கேக்குறீக? சூரிய உதயம் தெரியுமா, கேம்ப்ஃபயர் உண்டா, சிக்கன் சுடுவீகளான்னு. எத்தனை கூடாரத்துக்கு எத்தனை கக்கூஸுன்னு ஒருத்தனும் கேக்குறதில்ல. ராத்திரி லைட்டு எரியுமா, தாப்பா உள்பக்கமா விழுமா, தண்ணி ராத்திரி முழுக்க வருமா, கூடாரத்துலருந்து எத்தனை எட்டு நடக்கணும்? இம்புட்டையும் கேட்டுச் சீட்டுல எழுதி அவ கையில குடு. நீ மரத்தடியில நின்னுட்டு வந்துருவ, அவ எங்க போவா? இடம் சரியில்லைன்னா பொம்பளையாளு மத்தியானத்துலருந்தே தண்ணி குடிக்கிறத நிறுத்திருவாக. சாயங்காலம் தலைவலி வரும், மறுநா நீர்க்கடுப்பு வரும். நீ என்னடான்னா, 'இவளுக்கு எங்க கூட்டிப் போனாலும் மூஞ்சி தூக்கல்தான்'னு கூட்டாளிககிட்டச் சொல்லிக்கிட்டுத் திரிவ. போற தேதியையும் அவளே சொல்லட்டும். ஏன் அடுத்த வாரம், ஏன் இந்த வாரம் வேணாம்னு குறுக்குக் கேள்வி கேக்காத. கட்டி இத்தனை வருசமாச்சு, அதுகூடவா தெரியாது?

அப்பறம், கக்கூஸு வெஸ்டர்னா இருந்தா நல்லது. எம்மகளுக்கு முட்டி வலி இல்லையேங்காத. யாருக்கு எப்ப வரும்னு யாரு கண்டா.

அடுத்தது ஒறக்கம். கொழுக்குமலைக்குப் போறதா யோசனைன்னு உங்கம்மா சொன்னா. நல்ல இடந்தான். மலை நம்ம தேனி மாவட்டம், ஆனா வண்டிப்பாதை கேரளாவுல சூரியநெல்லி வழியாத்தான், அதுவும் ஜீப்புல. 7,900 அடி ஒசரம்னு பேத்தி போனைத் தட்டிப் பாத்துச் சொன்னா. ஆயிரம் மீட்டரு ஏறுனா ஆறு, ஆறரை டிகிரி குறையுமாம். போடியில ஃபேனுக்கடியில வேர்த்துக்கிட்டு ஒக்காந்திருக்கைல, அதே நேரம் மேல பதிமூணு டிகிரி குறைச்சலா இருக்கும். ராத்திரியில காத்தும் சேந்தா பல்லு தாளம் போடும். நீ என்ன செய்வ? போர்வைக்கு மேல போர்வையா வாங்கி அடுக்குவ. குளிரு மேலருந்து வரல மாப்ளே, கீழருந்து வருது. ஒடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நாங்க வைக்கோலப் பரப்பி, அது மேல சாக்கு, அது மேலதான் கம்பளி. படுத்தா நெல்லு வாசம் வரும், இடுப்புக்கு மெத்துன்னு இருக்கும். உனக்கு வைக்கோலு கெடைக்காட்டி நல்ல கெட்டியான ஃபோம் விரிப்பா வாங்கு. போர்வையில மிச்சம் புடி, விரிப்புல மிச்சம் புடிக்காத. கட்டிலு போட்ட கூடாரம் இருக்கான்னும் ஒரு வார்த்தை கேட்டு வை, நட்டமில்ல.

இன்னொண்ணு, ரெண்டு பேரு படுக்கலாம்னு போட்டிருந்தா, ஒருத்தரு மேல ஒருத்தரு கோவமில்லாத ரெண்டு பேருன்னு அர்த்தம். அதைக் குடுத்துட்டு நாலு பேரு கூடாரமா மாத்திக்க. குளிருதுன்னு சன்னல் வலையை எல்லாம் இழுத்து மூடிராத. ராத்திரி பூரா விடுற மூச்சு, கஞ்சிப்பானை மூடியில வேர்த்த தண்ணி கணக்கா, துணியில கோத்து விடியக்காலம் மூஞ்சியில சொட்டும். நீ ஒறங்கிருவ, அவ முழிச்சுக்கிட்டு மேலேயே பாத்துக்கிட்டு இருப்பா. மேல ரெண்டு பக்கமும் காத்துக்கு வழி விடு. சரிவா இருந்தா தலைமாட்டை மேட்டுப் பக்கம் வை. காஞ்ச ஓடை மணலு மெத்துன்னு இருக்கேன்னு அதுல அடிச்சிராத. மலையில எங்கயோ பேஞ்ச மழை சொல்லாமக் கொள்ளாம வந்துரும். அதுக்கெல்லாம் முன்ன, வீட்டு மொட்டை மாடியில ஒருநா ராத்திரி விரிச்சுப் படுங்க. அவளுக்குப் புடிக்காட்டி எந்திரிச்சுக் கீழ போயிருவா. நடுக்காட்டுல அப்படி எந்திரிச்சுப் போக முடியாதுல்ல, அதுக்குத்தான் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் விளையாட்டில்ல, காத வச்சுக் கேளு. குளிருதுன்னு கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளயோ ரூமுக்குள்ளயோ கொண்டுபோகாத. சிக்கன் சுட்ட அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு நெனச்சு உள்ள வச்சுட்டுப் படுப்பாக. கரி கனிஞ்சு வர்ற அந்தக் கெட்ட காத்துக்கு வாடையும் கிடையாது, நெறமும் கிடையாது. ஒறக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிரும்.

யானை வரும், புலி வரும்னு அவ சொன்னா நீ சிரிக்கிறயாம். சிரிக்காத. அவ சொல்றது பயமில்ல, விவரம். நீ கூடாரத்துக்கு விலை பாத்துக்கிட்டு இருக்கைல அவ செய்தி படிச்சுக்கிட்டு இருந்திருக்கா. 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத்தீ. மலையேறப் போனவுகள்ல 20 பேருக்கு மேல செத்தது நீ ஏறப்போற அதே கொழுக்குமலைச் சரிவுலதான். 2021 ஜனவரியில வயநாட்டு மேப்பாடியில கூடாரத்துல தங்குன ஒரு பொண்ண யானை கொன்னுபோட்டுச்சு. அரிக்கொம்பன்னு ஒரு யானை இருந்தானே, சின்னக்கானல்ல ரேசன் கடையை ஒடைச்சு அரிசி தின்னு பழகுனவன். 2023ல கம்பம் டவுனுக்குள்ளயே நடந்து வந்தான்ல? அந்தச் சின்னக்கானலு சூரியநெல்லிக்குப் பக்கத்து ஊரு. நீ அரிசியையும் பலாப்பழத்தையும் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுப்ப, அவன் சொந்தக்காரன் ஒருத்தன் மோந்து பாத்துட்டு விருந்துக்கு வருவான்.

அதனால யாரோ ஒரு பய வாட்சப்புல படம் போட்டான்னு காட்டுக்குள்ள போயி முளையடிக்காத. வனத்துறை அனுமதி இருக்கா, யானைப் பாதை இல்லாத இடமா, ராத்திரி காவலுக்கு ஆளு இருக்கா, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரின்னு விசாரி. நடக்கணும்னு ஆசையா இருந்தா சர்க்காரே 2024லருந்து 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதை தெறந்து, வழிகாட்டியோட அனுப்புது. பணத்தைக் கட்டிப் போ. காட்டுத்தீ காலத்துல அதையும் சாத்திருவாக, ஏன்னு இப்ப உனக்கே தெரியும். இதையெல்லாம் விசாரிச்சு வச்சுக்கிட்டு அவ கேக்குறதுக்கு முன்ன சொல்லு. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது'ங்குற பேச்சை மட்டும் எடுக்காத. அந்தப் பேச்சைக் கேட்டா எந்தப் பொம்பளைக்கும் ஏதோ ஆகப்போகுதுன்னுதான் தோணும்.

பாம்புக்குப் பெரிசாப் பயப்பட வேண்டியதில்ல, ஆனா கட்டுவிரியன் ராத்திரி நடமாடுறவன். தரையில படுத்தவுக படுக்கையில வந்து சுருளுவான், கடிச்சா பல சமயம் வலிகூடத் தெரியாது. கூடாரத்து ஜிப்பை எப்பவும் இழுத்து மூடு. வெளிய எறங்குனா டார்ச்சு அடிச்சு எறங்கு. காலையில செருப்பை, ஷூவை உதறிட்டுப் போடு. அவ செருப்பையும் நீயே உதறி வை. இதுக்கு ஒரு நிமிசம் ஆகாது, ஆனா ரொம்ப நாளைக்கு மனசுல வச்சிருப்பாக. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. மழைக்காலத்துல போனா அட்டை ஏறும். புடிச்சு இழுக்காம உப்போ சுண்ணாம்போ தொட்டு வச்சா தானா விழுந்துரும். விழுந்த பெறகும் செத்த நேரம் ரத்தம் கசியும், ரத்தம் உறையாமப் பண்ற சத்து அது வாயில இருக்கு. முதல் அட்டையப் பாத்து அலறப்போறது நீதான்னு நான் பந்தயம் கட்டுறேன்.

சாப்பாட்டுக்கு வா. அங்க போயிக் குழம்பு வைக்கிறேன், பிரியாணி கிண்டுறேன்னு கெளம்பாத. ஆம்பளை காட்டுல சமைக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். 'உப்பு எங்க? கரண்டி எங்க? வெங்காயத்தை யாரு வெட்டுறது?' கடேசியில அவ எந்திரிச்சு வந்து செய்வா, நீ படம் எடுத்துப் போடுவ. முதல்நாளுக்குப் புளிசோறு கட்டிக்க, பொடி தடவுன இட்லி எடுத்துக்க. அதையும் உன் கையால கட்டு, இல்லாட்டி கடையில வாங்கு. சுடச்சுட வேணும்னா முகாமுலயே சமைச்சுத் தருவாக, அதுக்குக் கூடக் காசு போனா போகட்டும்.

நீ செய்ய வேண்டிய சமையலு ஒண்ணே ஒண்ணு. காலையில அவ எந்திரிக்கிறதுக்கு முன்ன டீயைப் போட்டு, கூடாரத்து வாசல்ல நீட்டு. 'ஏந்திரி, சூரியன் வந்துருச்சு, சீக்கிரம், சீக்கிரம்'னு கத்தாத. கொழுக்குமலையில சூரியனைப் பாக்க சூரியநெல்லியிலருந்து விடியுமுன்னயே ஜீப்பு ஏறி, கல்லுல குதிச்சுக் குதிச்சுப் போகணும். எலும்பு எது எங்க இருந்துச்சுன்னு எறங்கித்தான் பொறுக்கணும். அவ ஒறங்கட்டும் மாப்ளே. சூரியன் நாளைக்கும் வருவான், அவளுக்கு ஞாயித்துக்கெழம ஒறக்கம் வாரத்துக்கு ஒருக்கத்தான் வருது. டீயில ஒண்ணு சீனி இல்லாமப் போட்டு வை, யாராவது குடிப்பாக.

அங்க போயி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. 'எப்படி இருக்கு? நல்லாருக்குல்ல? நான் சொன்னேன்ல?'ன்னு நிமிசத்துக்கு ஒருக்கக் கேட்டா, நல்லாருக்குறதும் கசந்துபோகும். முளை அடிக்கிறதெப்படி, முடிச்சுப் போடுறதெப்படின்னு பாடம் எடுக்காத. அவளைப் புடிச்சு வீடியோவுக்கு நிக்க வைக்காத. அவ ஒரு கல்லு மேல ஒக்காந்து சும்மா பாத்துக்கிட்டு இருந்தா, அது கோவம்னு நெனச்சுக் கிட்டப் போயி நோண்டாத. அது சும்மா ஒக்காந்திருக்குறது. வீட்டுல அப்படி ஒக்காந்து நீ பாத்திருக்க மாட்ட, அதான் அடையாளம் தெரியல.

கார் சாவி அவ கையில இருக்கட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு 'என்னால முடியல, ரூமுக்குப் போவோம்'னா, மூஞ்சியக் காட்டாம எந்திரி. பக்கத்து ஊருல ரூமு முன்னயே சொல்லி வச்சிரு. திரும்பிப் போக வழி இருக்குன்னு தெரிஞ்சவதான் மனசாரத் தங்குவா. அப்படியும் அவளுக்கு வேண்டாம்னா விட்டுரு. நீ கூட்டாளிகளோட போ. நீயும் உன் சத்தமும் இல்லாத வீட்டுல அவ ரெண்டு நாளு கால நீட்டி ஒக்காந்து தோசை வாங்கித் தின்னா, அதைவிடப் பெரிய சுற்றுலா அவளுக்கு வேற இல்ல.

ஆனா அம்புட்டுத் தூரம் போகாது. கொழுக்குமலையை இந்தத் தடவை விட்டுரு, அந்த ஜீப்பு சரிப்படாது. யாருக்குன்னு கேக்காத. கொடைக்கானலுக்கு மேல மன்னவனூருக்குப் போவோம். வனத்துறை பாத்துக்கிற ஏரி இருக்கு, பரிசல் ஓட்டுறாக, பச்சைப் புல்லுத்தரை கண்ணுக்கு எட்டுற மட்டும் கெடக்கு. தார் ரோடு வாசல் வரைக்கும் போகுது. மத்திய சர்க்காரு ஆட்டுப்பண்ணை ஒண்ணும் அங்க இருக்கு, 1965லருந்து. மெரினோ ரத்தம் கலந்த கம்பளி ஆடு, பாரத் மெரினோன்னு பேரு. நம்ம ஆட்டு மேல இருக்குறது மசுரு, அது மேல இருக்குறது கம்பளி. கையை விட்டா விரலு உள்ள போயிருமாம். ஆயுசு பூரா ஆட்டோட கெடந்துட்டு அதை ஒருக்கக் கையால தொட்டுப் பாக்காமப் போறதான்னு எனக்கு ஒரு எண்ணம். போற வழியில பூம்பாறை, குழந்தை வேலப்பரு கோயிலு, மலைப்பூண்டு. உன் அத்தைக்கு அது போதும்.

முழிக்காத. எம்மக முந்தாநாளே உன் அத்தைக்குப் போன் போட்டுட்டா. "பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தா நான் வாரேன்"னுட்டா. அவுக ரெண்டு பேரும் ஒரு கூடாரமாம், கதை பேசணுமாம். நீயும் நானும் ஒரு கூடாரம். நான் கொறட்டை விடுவேன், ஆனா அதிகமில்ல. கொடைக்கானலுக்குக் கார் போக இ-பாஸ் எடுக்கணுமாம், 2024 மே மாசத்துலருந்து அப்படித்தான், இன்னைக்கே போனைத் தட்டி எடுத்துரு. தண்ணிக்கு எவர்சில்வரு பாட்டிலா வாங்கி வை, பிளாஸ்டிக்கைக் கண்டா வழியிலயே புடுங்கிருவாக. வெள்ளிக்கெழம வெள்ளன பரமக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. பின்சீட்டுல எம்மகளும் அத்தையும் ஒக்காருவாக, மூட்டையெல்லாம் உன் பொறுப்பு. நான் முன்னால ஒக்காந்து வழி சொல்றேன்.